வழுக்கையாற்றங்கரையில் ஒரு பகல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்றுதான் பாடசாலையில் படித்தோம். அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கத்து மூத்தவர்களைக் கேட்டால், "ஏன் இல்லை, எங்கட வழுக்கையாறு இருக்கே" என்பார்கள். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி ஏறக்குறைய 16 கிலோமீற்றர் ஓடி, அராலியில் கடல்நீரேரியைச் சேரும் மாரிகால ஆறு அது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டும்போது ஓடும். சித்திரையில் போனால் மாடு மேயும் பள்ளம்.

கடந்த ஆவணியில் மாதர் சங்கப் பெண்கள் பதினொரு பேருடன் அந்த வழியே சைக்கிளில் போனேன். ஒவ்வொருவரையும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். புறப்பட்ட இடத்திலேயே ஒரு வேலி வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. எல்லோரும் கண்டோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலிக்குரியவர் எங்களோடுதான் வந்துகொண்டிருந்தார்.

கந்தரோடைக் குளத்தருகே மரநிழலில் போத்தல்களை வரிசையாக வைத்து, ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்த்தோம். அராலித் தண்ணீரைக் குடித்த தங்கச்சி முகத்தைச் சுழித்தாள். "இதிலயோ அக்கா தேத்தண்ணி வைக்கிறியள்?" எல்லோரும் சிரித்தோம். அதைக் கொண்டுவந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

எமது காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நாம் அள்ளுவது அந்த வில்லையைத்தான். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மழைநீர் ஒரேயடியாகக் கடலுக்கு ஓடிவிடாமல், நிலத்துக்குள் இறங்க நேரம் கொடுப்பவை இந்த ஆறும் அதனோடு தொடுத்த குளங்களும். வாய்க்காலைக் குப்பையும் கட்டட இடிபாடும் அடைத்தால் மேலே வீடுகளுக்குள் வெள்ளம், கீழே குளம் வெறுமை.

தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புகளால்தான் கிணற்றுக்கு வருகின்றன. "கேத்திலில வெள்ளையாப் படியுதே, அதுவோ?" என்று ஒருவர் கேட்டார். அது சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியும். 2014, 2015 இல் சுன்னாகத்துக் கிணறுகளில் கலந்த எண்ணெய்க்கும் மணம் இருந்தது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்கவைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மா கரைத்துக் கொடுக்கும் தாய்மார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தே ஆகவேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் வேலிக்குரிய அம்மாவே தொடங்கினார்.

"பிள்ளை, 90 ஆனியில உடுத்த உடுப்போட வெளிக்கிட்டனாங்கள். இருவத்தொரு வருசம் கழிச்சு வந்து பாக்க வீடுமில்லை, எல்லைக்கல்லுமில்லை, ஒரே பத்தை. அவரும் இல்லை. ஞாபகத்தில கயிறு பிடிச்சு நான் தனிய நிண்டு அடைச்ச வேலி அது. இப்ப அதையும் விடச் சொல்லுறியளோ?"

சமூகவியல் படித்த காலத்தில் பொதுச்சொத்துப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. என் தாயாரும் இடம்பெயர்ந்தவர்தான். அவரும் இலேசில் விடமாட்டார்.

அராலிப் பெண்தான் பேசினார். "உங்கட காணியை விடச் சொல்லேல்லை அக்கா. நாங்கள் ரண்டு குடம் நல்ல தண்ணிக்குப் பவுசர் பாத்து நிக்கிறம். மேல அடைச்சா எங்களுக்கு வராது. அதை மட்டும் யோசியுங்கோ."

அம்மா பதில் சொல்லவில்லை. அராலி வரை பேசாமலே சைக்கிள் உழக்கினார். கடல்நீர் மேலேறாதிருக்கக் கட்டிய அணைக்கதவடியில், ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் வெடித்துக் கிடந்த வயலையும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமை கழித்து அவரே வந்தார். "எல்லையை ஒருக்கா ஒழுங்காப் பாப்பம், பிள்ளை." காணி உறுதி தொலைந்திருந்தது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். (உறுதி தொலைந்த சகோதரிகள் இதைக் கவனிக்கவும். பதிவு செய்யப்பட்ட உறுதிக்குப் பிரதி பெறலாம்.) நில அளவையாளர் வந்து அளந்தபோது வேலி மூன்றடி வாய்க்காலுக்குள் நின்றது. பின்பக்கம் இரண்டடி அவருக்குச் சேரவேண்டியிருந்தது. அது அவருக்கே தெரியாது.

புரட்டாதிக் கடைசியில் சிரமதானம் வைத்தோம். கதியால்களை அவரே பிடுங்கிப் பின்னுக்கு நட்டார். ஒரு முருங்கை மட்டும் வாய்க்கால் ஓரத்தில் தனித்து நின்றது. "அது நிக்கட்டும்" என்றார். நாங்கள் வெட்டவில்லை. எதிர்க்கரையில் வாய்க்காலுக்குள் இறங்கிய மதில் ஒன்றும் அப்படியே நிற்கிறது. அது சீமெந்து மதில். அந்த வீட்டுக்கு அடுத்த கிழமை போகவேண்டும். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.