அளந்து பார்த்தீங்களா, பெரியப்பா?

வானொலியில் பேசுகிறவள் என்பதாலோ என்னவோ, எனக்கு வரும் புலனச் செய்திகளில் பாதி வீட்டு வைத்தியம்தான். 'நிகழ்ச்சியில் சொல்லுங்கள், நாலு பேருக்குப் பயன்படும்' என்ற வரியோடு வரும். இஞ்சி, பூண்டு, மஞ்சள் வரை சரி. இப்போது 'வெள்ளித் தண்ணீர்' வருகிறது. இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று பேட்டரி, ஒரு கண்ணாடிக் குவளை இருந்தால் வீட்டிலேயே தயாரிக்கலாமாம். சளி முதல் சர்க்கரைப் புண் வரை குணமாகுமாம்.

வானலையில் நான் அதைச் சொல்லவில்லை. ஆனால், கிள்ளானில் இருக்கும் பெரியப்பா வீட்டுச் சமையலறைக்கு அது தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

பெரியப்பா வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் செய்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார். நகைக்கடையில் சொல்லிவைத்துச் சுத்த வெள்ளிக் கம்பி வாங்கியிருந்தார். ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்து 27 வோல்ட் ஆக்கியிருந்தார். குவளையில் காய்ச்சி வடித்த நீர். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சுத்தமான நீரில் மின்சாரம் எளிதில் பாயாது அல்லவா? சிறிது நேரம் கழித்து ஒரு கம்பியிலிருந்து மெல்லிய புகைபோல ஏதோ இறங்கியது. மற்றொரு கம்பியில் பொடிப்பொடியாக நீர்க்குமிழிகள் வந்தன. விளக்கை அணைத்துவிட்டு, லேசர் பேனாவைக் குவளைமீது அடித்தார். நீருக்குள் சிவப்புக் கோடு ஒன்று நேராக ஓடியது.

"பார்த்தியாம்மா? வெறும் தண்ணியில இந்தக் கோடு தெரியாது" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

அவர் சொன்னது உண்மை. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நீரில் மிதந்தால்தான் ஒளி அப்படிச் சிதறும். இதற்குக் கூழ்மம் என்று பெயர். 1857-இல் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை இப்படி நீரில் மிதக்கவிட்டு, அது செந்நிறமாகத் தெரிவதைப் பற்றி லண்டனில் உரையாற்றினார். 1898-இல் ஜெர்மனியின் பிரெடிக், நீருக்கடியில் இரண்டு உலோகக் கம்பிகளுக்கிடையே மின்பொறி உண்டாக்கிக் கூழ்மம் தயாரித்தார். பேட்டரி முறையில் பொறி எழாது. கம்பியிலிருந்து வெள்ளி அயனிகளாகக் கரையும்; சிறு பங்குதான் துகளாகும். அதைத்தான் புகையாகவும் கோடாகவும் பார்த்தோம்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பதும் பொய்யில்லை. 1880களிலேயே பிறந்த குழந்தைகளின் கண்ணில் தொற்று வராமலிருக்க வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டார்கள். தீக்காயத்துக்கு மருத்துவமனையில் தடவும் களிம்பிலும் வெள்ளி உண்டு. வெள்ளிச் சங்கில் பாலும் வெள்ளி டம்ளரில் தண்ணீரும் குடித்து வளர்ந்தவர்கள் நாம். இந்தச் செய்தி நம் வீடுகளுக்குள் சுலபமாக நுழைவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால், புண்ணின்மேல் அளவோடு தடவுவது வேறு, தினமும் குடிப்பது வேறு. குடித்த வெள்ளி வயிற்றிலுள்ள உப்போடு சேர்ந்து உருமாறிவிடும். உடலில் ஏறும் சிறு பங்கு எளிதில் வெளியேறாமல் தோலில் படியும். வெயில் பட்டால், பழைய காலத்துப் புகைப்படச் சுருள்போலக் கருக்கும். அமெரிக்காவில் பால் கரசன் என்பவர் வீட்டில் தயாரித்த வெள்ளி நீரைப் பல்லாண்டு குடித்து, முகமெல்லாம் நீலமாகி, 2008-இல் தொலைக்காட்சியில் தோன்றினார். 2013-இல் இறக்கும்வரை அந்த நிறம் போகவில்லை. மொன்டானா மாநிலத்து அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ், 2000-ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகள் முடங்கி மருந்துத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து 1999-இல் இதைக் குடிக்கத் தொடங்கினார். தட்டுப்பாடு வரவில்லை, நிறம்தான் வந்தது. அதே 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கூழ்ம வெள்ளி கலந்து கடைகளில் விற்கப்படும் மருந்துகளைப் பாதுகாப்பானவையாகவோ பலன் தருபவையாகவோ ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது.

இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே வாயைத் திறக்கவில்லை. அந்தக் குவளை யாருக்கு என்பதும் எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை. குதிகாலில் மூன்று வாரமாக ஆறாத புண். "கிளினிக் போனா காலை எடுக்கணும்னு சொல்லுவாங்க. எங்கப்பாவுக்கு அப்படித்தான் எடுத்தாங்க" என்றார் பெரியப்பா. அந்தப் பயத்துக்கு முன்னால் நீல மனிதனின் கதை எடுபடாது.

அதனால் வேறொன்று கேட்டேன். "பெரியப்பா, இந்தக் குவளையில எவ்வளவு வெள்ளி இருக்கு?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா எவ்வளவு? அளந்து பார்த்தீங்களா?"

பதில் இல்லை. மீட்டரை எடுத்து வந்து இணைத்தார். ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 மில்லிகிராம் வெள்ளி கம்பியைவிட்டு நீங்கும். இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால், மீட்டரில் எண் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நீரில் வெள்ளி கலக்கக் கலக்க மின்னோட்டமும் ஏறிக்கொண்டே போனது. நீங்கிய வெள்ளியில் ஒரு பகுதி எதிர்க்கம்பியில் கறுப்புப் பஞ்சாக ஒட்டிக்கொண்டது. அது எவ்வளவு, நீரில் நின்றது எவ்வளவு? அதைச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். இன்றைய குவளையும் நாளைய குவளையும் ஒன்றாக இருக்காது.

பெரியப்பா சற்று நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளிப்புகளைக் கழற்றினார். "அளக்காம வயரைத் தொடாதேன்னு எத்தனை பசங்களைத் திட்டியிருக்கேன்" என்றார், என்னைப் பார்க்காமலே.

மறுநாள் காலையில் அரசாங்க கிளினிக்கில் வரிசை எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தாதி புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். மருத்துவர் சர்க்கரை மருந்தின் அளவை மாற்றினார். காலை எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் விடாமல் கட்டு மாற்றியபின் புண் மூடியது.

நேயர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர் காலில் புண் வந்தால் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு மாத்திரையோ கிருமிக்கொல்லி மாத்திரையோ சாப்பிடுபவர் வெள்ளி நீர் குடித்தால், அந்த மாத்திரைகளில் சில உடலில் சரியாகச் சேராமல் போகலாம். மருந்து என்று யார் எதை விற்றாலும், பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. வீட்டுப் பெரியவரிடம் 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு மீட்டராக இருந்தது.