பன்னிரண்டு, மூன்று தரம்

ஸ்காபறோவில் பனி கொட்டுகிற நாட்களில், நாங்கள் இரண்டு பேரும் அண்ணையிடம் வேலை பார்த்த அந்தக் கராஜ் எப்படி மணக்கும் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய ஒயில், உப்புத் தண்ணியில் ஊறிய கால்மிதி, சுடுகிற இரும்பில் சொட்டி இனிப்பாக ஆவி பறக்கும் கூலன்ற். இவ்வளவுக்கும் மேலாக அண்ணையின் ஃபிளாஸ்கைத் திறந்ததும் எழும்புகிற இஞ்சிப் பிளேன்ரீ. கதவைப் பாதி இறக்கிவிட்டு ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டுக்கொண்டிருப்போம். காரில் வாறவர் ஹோர்ன் அடித்தால்தான் கதவு மேலே போகும்.

வாறது அநேகமாக ஊரிலிருந்து புதிதாக வந்த பெடியன். இரவில் பீட்சா கொடுத்துத் திரிகிறவன். சில நூறு டொலருக்கு வாங்கின கார், அடிப்பக்கம் முழுக்கக் கறள். "அண்ணை, மஞ்சள் லைற் எரியுது" என்பான். அண்ணை ஒன்றும் கேட்க மாட்டார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்தி, இரண்டு கால் வரும்படி வளைப்பார். காரின் கொம்பியூட்டர் பிடித்த பிழையை வாசிக்க எங்களுடைய மெஷின் அதுதான். ஸ்கானர் அப்போதும் இருந்தது. ஆனால் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், ஒவ்வொரு கம்பனிக் காருக்கும் வேறு வேறு காட்ரிஜ் வேறு வாங்க வேண்டும்.

ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் ஸ்ரியரிங் பக்கம் டாஷ்போர்ட்டுக்குக் கீழே பன்னிரண்டு ஓட்டைக் கனெக்டர் ஒன்று இருக்கும். மேல் வரிசையில் வலது கரையில் 'ஏ', அதற்குப் பக்கத்தில் 'பி'. ஏ எர்த். பியை அதோடு கிளிப்பால் இணைத்துவிட்டு, என்ஜினை ஸ்ராட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஒரு படி திருப்ப வேண்டும். நான் குனிந்து கிளிப்பைப் பிடித்திருப்பேன். நீர் சீற்றில் இருந்து லைற்றைப் பார்த்துச் சத்தமாக எண்ணுவீர். ஒரு மினுக்கு. சின்ன இடைவெளி. பிறகு இரண்டு மினுக்கு. பன்னிரண்டு! அதே பன்னிரண்டு மூன்று தரம் வரும். முதல்முறை பார்க்கிற பெடியனுக்கு முகம் கறுத்துவிடும். அண்ணை சிரிப்பார்: "அது வருத்தமில்லையடா. என்ஜின் சுத்தேல்லை, டிஸ்ரிபியூட்டரிலயிருந்து துடிப்பு வரேல்லை எண்டு சொல்லுது. கொம்பியூட்டர் முழிச்சிருக்கு எண்டு அர்த்தம்." அதற்குப் பிறகு வருவதுதான் நோய். ஒவ்வொன்றும் மும்மூன்று தரம். பதின்மூன்று என்றால் ஒட்சிசன் சென்சர். நாற்பத்திநான்கு என்றால் எரிபொருள் காணாது, நாற்பத்தைந்து என்றால் கூடிப்போச்சு. சிகரெட் பெட்டி மட்டையைக் கிழித்து அதில் எழுதுவோம். கடைசியில் திரும்பவும் பன்னிரண்டு வந்தால் சுற்று முடிந்தது.

கிறைஸ்லர் காருக்குக் கிளிப்பும் வேண்டாம். ஐந்து செக்கனுக்குள் திறப்பை மூன்று தரம் போட்டு, இடையில் இரண்டு தரம் நிற்பாட்டி, மூன்றாம் தரம் போட்டபடி விட்டால் தானாகவே மினுக்கத் தொடங்கும். ஐம்பத்தைந்து வந்தால் இலக்கங்கள் முடிஞ்சுது. ரொயோற்றாவுக்கு பொனற்றைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதன் மூடியின் உட்பக்கம் எந்த ஓட்டை எது என்று படம் போட்டிருக்கும். 'ரிஈ1', 'ஈ1' இரண்டையும் இணைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால், பிழை இல்லாத காரின் லைற் நிற்காமல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு அது பார்க்கப் பிடிக்கும். பழைய ஹொண்டாவில் கார்ப்பெற்றைக் கிளப்பி கொம்பியூட்டரையே தேடிப் பிடிக்க வேண்டும். அதிலுள்ள சிவப்பு லைற் நீட்டி மினுக்கினால் பத்து, குறுக்கி மினுக்கினால் ஒன்று. ஃபோர்ட்டுக்கு முள்ளு மீற்றரைக் கொழுவி முள் ஆடுவதை எண்ண வேண்டும். குளிரில் விறைத்த கையோடு அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் இரண்டு பேருக்குமே பொறுமை இருக்கவில்லை. ஃபோர்ட் வந்தால் அண்ணைதான்.

இலக்கம் கிடைத்ததும் சாமான் கடைக்கு ஓடக்கூடாது. அண்ணையின் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் அது. இலக்கம் ஒழுங்கையைத்தான் சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. பதின்மூன்று என்றால் ஒட்சிசன் சென்சர் செத்துப்போச்சு என்றில்லை. அதற்குப் போகிற வயர் சைலன்சர்க் குழாயில் பட்டு உருகியிருக்கலாம், கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கலாம். நாற்பத்திநான்குக்கு வெடித்த வக்கூம் ஹோஸ் ஒன்று போதும். என்ஜினை ஓடவிட்டு ஹோஸ்களைச் சுற்றிக் கார்ப்பரேற்றர் கிளீனரை விசிறுவார். ஓட்டையில் பட்ட உடனே என்ஜின் சத்தம் மாறும். நாற்பத்தைந்து என்றால் மட்டையைப் பார்க்கத் தேவையே இல்லை. பின்னுக்குப் போய் நின்றால் கூழ்முட்டை நாத்தம். கட்டலிற்றிக் கொன்வேட்டர் பெற்றோலில் இருக்கிற கந்தகத்தை அப்படித்தான் திருப்பித் தரும்.

மூக்கையும் காதையும் நம்புகிற இந்தப் பழக்கம் அவருக்கு ஊரில் வந்தது. ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் ஓடிய காலம். அவற்றில் எரிகிறதே ஒயில் லைற்றும் சார்ஜ் லைற்றும்தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காட்டுவதற்கும் இல்லாமல் போனது உமக்குத் தெரியும்தானே. ஒரு மிடறு பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, என்ஜின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற வித்தையை அப்போது சந்திக்குச் சந்தி எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அந்த வெள்ளைப் புகை! மண்ணெண்ணெய் மணத்தோடு ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டி, மண்தாள் போட்டு உரசிப் பூட்டுவார்கள். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, கைபிடியைக் காதுக்குள் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார்கள். ஸ்காபறோவிலும் அண்ணை அதை விடவில்லை. கொம்பியூட்டர் சொன்ன இலக்கத்தை எழுதிவிட்டு, பிறகு ஸ்குரூ டிரைவரை எடுப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையில் ஸ்பானர் ஏறும்.

1996இல் அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் ஒரே பதினாறு ஓட்டைக் கனெக்டர் என்று சட்டம் வந்தது. கனடாவில் 1998 மொடலிலிருந்து. 1999இல் ஒன்ராறியோ புகைச் சோதனையைத் தொடங்க, பழைய கார்கள் எங்களிடம் வரிசையில் நின்றன. அது ஒரு நல்ல காலம், கொஞ்சக் காலம். பிறகு உப்பு அவற்றைத் தின்றது. மினுக்குகிற கார்கள் ஒவ்வொன்றாக இழுவை லொறியில் ஏறிப் போயின. 2019இல் தனியார் கார்களுக்கு அந்தச் சோதனையும் நின்றுபோனது. அதற்கு முன்னமே அண்ணை கராஜை விட்டுவிட்டார்.

இப்போது நான் வேலை செய்கிற இடத்தில் நிலம் வெள்ளையாக மினுங்குகிறது. வாடிக்கையாளர் இறங்கும்போதே ஃபோனை நீட்டுகிறார். அதில் 'பி0420' என்றிருக்கிறது, அல்லது 'பி0455'. தீர்ப்போடுதான் வருகிறார்கள். பி0455 என்றால் பெற்றோல் ஆவி கசிகிறது என்று அர்த்தம். பல தடவை ராங்க் மூடியை இறுக்கிவிட்டால் போதும். காசு வாங்க மனம் வருவதில்லை. குறை சொல்லவில்லை, பிழை பிடித்த நேரத்தில் என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எவ்வளவு சூடு என்பதையெல்லாம் இந்தக் காலத்துக் கார் எழுதி வைத்திருக்கிறது. சிகரெட் மட்டையில் அது வராது. ஆனால் சீற்றில் ஒருவரும் கீழே ஒருவருமாக இருக்கத் தேவையில்லை. ஒரு ஆள் போதும். வாயே திறக்கத் தேவையில்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மருமகன் வாட்ஸ்அப்பில் எடுத்தான். தகப்பன் விட்டுப்போன கொறோலா, தொண்ணூறுகளின் முற்பாதி. 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டின பிறகு அப்படிப்பட்ட கார்களுக்கு அங்கே வந்த மவுசு உமக்குத் தெரியும். காலமையில் ஸ்ராட் எடுக்குதில்லையாம், எடுத்தால் கறுப்புப் புகையாம். ஸ்கானரோடு வந்தவர் கொழுவ இடம் இல்லை என்று சொல்லிப் போய்விட்டாராம். பொனற்றைத் திறந்து கறுப்புப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். ஒரு துண்டு வயரைச் சீவி இரண்டு ஓட்டையிலும் செருகினான். கமராவை லைற்றுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பின்னால் யார் வீட்டிலோ கோழி கத்துகிறது. அவன் எண்ணுகிறான், நானும் கூட எண்ணுகிறேன். இரண்டு. இடைவெளி. இரண்டு.

"இருபத்திரண்டு, மாமா. தண்ணிச் சூடு பாக்கிற சென்சர். நெற்றில கிடக்கு. ஓடர் பண்ணட்டோ?"

"பொறு தம்பி. முதல் அந்த வயரை இழுத்துப் பார்."