முன்னூறு பொட்டியும் ஒரு நீல நோட்டும்

நம்மளை மாதிரி பொட்டி தட்டுற மக்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. 2006. ஒரு பொறியியல் கல்லூரியில (பேரு வேணாமே) லேப்புல எடுபிடி உத்தியோகம். முன்னூறு சொச்சம் பொட்டி. எதுக்கு எந்த ஐ.பி. எண்ணுங்கறது லேப் அண்ணனோட நீல நோட்டுல மட்டும்தான் இருக்கும். பையன் எவனாவது எண்ணை மாத்திட்டா ரெண்டு பொட்டி முட்டிக்கும், அண்ணன் நோட்டோட ஓடுவார்.

எனக்கோ இளரத்தம். டி.எச்.சி.பி. போட்டுடலாம்னு துறைத்தலைவர்கிட்ட பெருசா பேசிட்டேன். 1997-லேயே முழுசா வரையறுத்த சங்கதிதானே! பொட்டி எழுந்ததும் "யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கத்தும், சர்வர் ஒரு எண்ணை நீட்டும், பொட்டி "அதையே குடு"ங்கும், சர்வர் "எடுத்துக்கோ"ங்கும். அம்புட்டுதான். ஒரு பழைய லினக்ஸ் பொட்டியில நிறுவி, குத்தகைக் காலம் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம்னு வச்சேன். "அப்ப இந்த நோட்டு எதுக்கு தம்பி?"ன்னார் அண்ணன். நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இன்னிக்கும் உறுத்துது.

மூணாம் வாரம், ஆன்லைன் தேர்வு அன்னிக்குப் பார்த்து, பாதி பொட்டிக்கு நெட் இல்லை. எண்ணெல்லாம் 192.168.1-ல ஆரம்பிக்குது, நான் கொடுத்தது 10-ல. டவுசர் கிழிஞ்சது! ஹாஸ்டல்ல எவனோ வீட்டு ரவுட்டரைக் கொண்டாந்து செருகியிருக்கான். அதுக்குள்ளயும் ஒரு டி.எச்.சி.பி. இருக்கே. கத்துற பொட்டி, யார் முதல்ல பதில் சொன்னாலும் நம்பிடும், பாவம். "பழையபடி நோட்டுக்கே போயிடலாமா?"ன்னு துறைத்தலைவர் கேட்டப்ப காது சுட்டுது.

பெரிய சுவிட்சுல தேடினதுல, ரவுட்டரோட மேக் முகவரி ரெண்டாவது பிளாக் பக்கம்னு மட்டும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எல்லாம் மலிவு சுவிட்சு, எதுவும் சொல்லாது. அண்ணன்தான் நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திறந்தார். எந்த வயர் எந்த அறைக்குன்னு மொத்தமும் பென்சில்ல! நான் பிங் ஓட்டிக்கிட்டே இருக்க, அவர் ஒவ்வொண்ணா பிடுங்கினார். பதினோராவது வயர்ல பிங் நின்னுது.

அந்த அறைப் பையன் அழுதுட்டான். ஒரே வயர்ல ரெண்டு லேப்டாப் ஓட்டப் பார்த்திருக்கான், அவ்வளவுதான். நான் புகார் எழுதலை.

(அப்புறம் புது சுவிட்சு வந்துது. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்னு ஒரு வசதி: நம்ம சர்வர் இருக்கற பக்கம் தவிர வேற எங்கேர்ந்து எண்ணை நீட்டினாலும் தூக்கிக் கடாசிடும்.)

பிரிண்டர்களுக்கு மட்டும் மாறாத எண் ஒதுக்கினோம். அதை எழுத அண்ணன் புது நோட்டு வாங்கிட்டு வந்தார். பச்சை.