குடிக்கக் கொடுத்த காசு

ஹோட்டலில் சர்வருக்கு நாம் டிப்ஸ் வைக்கிறோம் இல்லையா? அதற்கு பிரெஞ்சில் "பூர்புவார்" என்று பெயர். பிரெஞ்சு வகுப்பில் இந்த வாரம் மாட்டிய வார்த்தை. பிரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். "பூர்" என்றால் "க்காக", "புவார்" என்றால் குடிப்பது. ஆக, குடிப்பதற்காக! "இந்தா, ஒரு கிளாஸ் போட்டுக்கோ" என்று காசை நீட்டி நீட்டியே இரண்டு சொல்லும் ஒட்டி ஒன்றாகிவிட்டன.

பிரெஞ்சுக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஜெர்மனில் "ட்ரிங்க்கெல்ட்", அதாவது குடிகாசு. போலந்தில் பீருக்கு, ஹங்கேரியில் ஒயினுக்கு, ரஷ்யாவில் தேநீருக்கு. நாம் மட்டும் என்னவாம்? "டீ செலவுக்கு வச்சுக்கப்பா" என்கிறோமே!

ஏன் எல்லோரும் குடிக்கவே கொடுக்கிறார்கள்? "அரிசி வாங்கிக்கோ" என்று யாரும் சொல்வதில்லை பாருங்கள். அரிசிக்குச் சம்பளம் இருக்கிறது, இது அதற்கு மேலே ஒரு சந்தோஷத்துக்கு என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சம்பளம் ஒழுங்காக வந்தால்!

1900 வாக்கில் பாரிஸ் கஃபேக்களில் பல சர்வர்களுக்குச் சம்பளமே கிடையாது. இந்தக் "குடிக்கிற" காசில்தான் குடும்பம் ஓடியது. போதாக்குறைக்கு, பல இடங்களில் முதலாளிக்கு இவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். 1933இல் ஒரு சட்டம் வந்தது. சர்வீஸ் என்று முதலாளி வசூலிக்கும் பணம் முழுவதும் வாடிக்கையாளருக்குப் பரிமாறும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்றது. 1987 உத்தரவுப்படி, விலைப்பட்டியலில் போடும் விலையிலேயே சர்வீஸும் அடக்கம். அதனால் அங்கே பூர்புவார் இன்று ஓரளவு அதன் சொந்த அர்த்தத்துக்கே திரும்பிவிட்டது.

போன லீவில் நானும் ஒரு ஹோட்டலில் ஒரு மாதம் சப்ளையர் வேலை பார்த்தேன். சம்பளம் இருபது நாள் தாமதம். அதுவரை பஸ்ஸுக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் டிப்ஸ்தான். "டீ குடிச்சுக்கோ தம்பி" என்று கொடுத்த யாரும் கெட்டவர்கள் இல்லை, நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காசில் நான் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

டிப்ஸ் வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தாராளமாக வையுங்கள். ஆனால் டீக்குக் கொடுத்தது டீக்கே போக வேண்டுமென்றால், சோற்றுக்கு வேறு யாரோ முதலில் ஒழுங்காகக் கொடுத்திருக்க வேண்டும்.