கிழியாத ஷூவும் செத்த ஷூதான்

நம்ம வீடுகள்ல ஒரு பொருளைத் தூக்கிப் போடணும்னா ஒண்ணு அது உடையணும், இல்ல கிழியணும், அதுவும் இல்லன்னா தொலைஞ்சு போகணும். செருப்பு வார் அறுந்தாக்கூட தெருமுனையில தைக்கிறவர்கிட்ட கொடுத்து இன்னும் ஆறு மாசம் ஓட்டுற பரம்பரை நாம. நல்ல பழக்கம்தான், குறை சொல்லல. ஆனா ஓடற ஷூ விஷயத்துல மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அது கிழியறதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப் போயிடும். செத்தது வெளியில தெரியவும் தெரியாது.

போன மாசம் புது ஜோடி வாங்கிட்டு வந்தப்ப அம்மா பழசை எடுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "ஒரு ஓட்டை இல்ல, தையல் விடல, இதைப் போயி ஆகாதுங்கறியேடா"ன்னாங்க. தங்கமணி எதுவும் கேக்கல. பில்லை மட்டும் ஒரு தடவை பார்த்தாங்க, அவ்ளோதான். அந்தப் பார்வைக்கு பதில் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன் :-)

ஷூவோட உயிர் இருக்கறது மேல இருக்கற துணியிலயும் இல்ல, தரையைத் தொடற ரப்பர்லயும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நுரை அடுக்கு இருக்கு பாருங்க, மிட்சோல், அதுலதான் இருக்கு. முக்கால்வாசி ஷூக்கள்ல ரொம்ப காலமா இவிஏங்கற நுரைதான். உள்ள கோடிக்கணக்கான குட்டிக் குட்டி காத்துக் குமிழிகள். நாம ஒவ்வொரு அடி வைக்கறப்பவும் அது நசுங்கி, திரும்ப எழும்பும். கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட ஆயிரம் அடின்னு வச்சுக்கிட்டா, 600 கிலோமீட்டர்ல ஒவ்வொரு ஷூவும் மூணு லட்சம் தடவை நசுங்கியிருக்கும். பழைய இலவம்பஞ்சு தலையணை மாதிரி, ஒரு கட்டத்துக்கு மேல எழும்பறது குறைஞ்சுடும். உறை புதுசா பளபளன்னு இருந்து என்ன பிரயோஜனம்?

சரி, இதுல அப்படி என்ன தலை போற விஷயம்னு கேப்பீங்க. தலை இல்ல, கால். எங்கப்பாவுக்கு சர்க்கரை. கடைசி வருஷங்கள்ல பாதம் மரத்துப் போச்சு. புது செருப்பு கடிச்சது அவருக்குத் தெரியவே இல்ல. கொப்புளம் புண்ணாச்சு, புண்ணு ஆறல, சுண்டு விரலை எடுத்தப்புறம்தான் நின்னுச்சு. எனக்கு 43 வயசுல எச்பிஏ1சி 6.1 வந்தப்ப டாக்டர் மாத்திரை எழுதல, "ஓடுங்க, இல்ல வேகமா நடங்க, ஆனா நிறுத்தாதீங்க"ன்னார். 5.7-லேருந்து 6.4 வரைக்கும்னா சர்க்கரை வியாதிக்கு வாசல்படின்னு அர்த்தம். அன்னிக்கு ஓட ஆரம்பிச்சது. இப்ப 5.6. ஆக எனக்கு ஓட்டம் பொழுதுபோக்கு இல்ல, மாத்திரை. முழங்கால் பிடிச்சுக்கிட்டு மூணு மாசம் உக்காந்தா மாத்திரையை நிறுத்தின மாதிரிதான்.

எப்போ மாத்தறது?

எல்லாரும் சொல்ற கணக்கு 500-லேருந்து 800 கிலோமீட்டர். வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடற ஆளுக்கு அஞ்சு மாசத்துலேருந்து ஏழு, ஏழரை மாசம். இது வேதவாக்கு இல்ல. ஆளோட எடை, ஓடற தரை, நுரையோட ரகம், எல்லாத்தையும் பொறுத்து மாறும். ஆனா கணக்கு வச்சுக்கறது முக்கியம். நான் ஷூ வாங்கின தேதியை நாக்குப் பட்டையோட உள்பக்கம் மார்க்கர்ல எழுதிடுவேன். ஓடின தூரம் பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல. (ஃபோன்ல ஆப் இருக்கு, தெரியும். நோட்டுக்கு சார்ஜ் போட வேணாம்.)

கணக்கு ஏன் வேணும்னா, உடம்பு ஒரு கில்லாடி. 200 மைல் ஓடித் தேஞ்ச ஷூவையும் புதுசையும் ஒப்பிட்டு 2009-ல ஒரு ஆய்வு வந்துச்சு. தரையில மோதற விசை பெருசா மாறல. ஆனா ஓடறவங்களோட ஓட்டம் லேசா மாறியிருந்துச்சு. அதாவது ஷூ தளர்ந்தா உடம்பு சத்தமில்லாம ஈடு கட்டுது. எவ்ளோ நாள் கட்டும்கறதுதான் கேள்வி.

அடுத்தது, கண்ணால பாக்கறது:

1. ஷூவை மேசை மேல வச்சு பின்னாலேருந்து பாருங்க. ஒரு பக்கமா சாஞ்சு நின்னா கதை முடிஞ்சது.

2. மிட்சோலோட பக்கவாட்டுல கிடைமட்டமா சுருக்கம் ஆழமா விழுந்திருந்தா நுரை அமுங்கிப் போச்சுன்னு அர்த்தம். கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. புதுசுல இருந்த துள்ளல் இல்லாம மரக்கட்டை மாதிரி இருக்கும்.

3. அடி ரப்பர் குதிகாலோட வெளி ஓரத்துல தேயறது பெரும்பாலானவங்களுக்கு சகஜம். அதைப் பார்த்து பயந்துடாதீங்க. ரப்பர் போய் நுரை எட்டிப் பார்த்தா மட்டும் மாத்துங்க. ஒரு ஷூ மட்டும் ரொம்ப தேஞ்சா ரோட்டையும் சந்தேகப்படுங்க. நம்ம ரோடெல்லாம் தண்ணி வடிய ஓரத்துல சரிவா இருக்கும், தினமும் ஒரே ஓரமா ஓடினா ஒரு கால் பள்ளத்துல, ஒரு கால் மேட்டுல.

கடைசியா காலே பேசும். தூரம் கூட்டல, வேகம் கூட்டல, ஆனா முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு ஓரம் திடீர்னு நோகுது, காலையில எழுந்தா குதிகால் வலிக்குதுன்னா ஷூவோட வயசைப் பாருங்க. என் பழைய ஜோடிக்கு 680-ஐ தாண்டினப்பதான் வலது முழங்கால் முனக ஆரம்பிச்சது. புது ஷூவுல ரெண்டே வாரத்துல அடங்கிடுச்சு. (எலும்புல ஒரே ஒரு புள்ளியில விரல் வச்சா உயிர் போகுதுன்னா அது ஷூ மேட்டர் இல்ல, டாக்டர் மேட்டர். ஓட்டத்தை நிறுத்திட்டுப் போயிடுங்க.)

ஒண்ணு கவனிச்சீங்களா? கால் பேசும்கறது எல்லாருக்கும் பொருந்தாது. அப்பாவுக்குப் பேசல. சர்க்கரை உள்ளவங்க வலிய நம்பாம கண்ணையும் கணக்கையும்தான் நம்பணும். போடறதுக்கு முன்னாடி ஷூவுக்குள்ள கைய விட்டுத் தடவணும், கழட்டினதும் பாதத்தை விரல் இடுக்கு வரைக்கும் பாக்கணும். எனக்கு உணர்ச்சி நல்லாத்தான் இருக்கு. இருந்தும் தினமும் பண்றேன். அரை நிமிஷ வேலை.

எதை வாங்கறது?

கடைக்குப் போனா தம்பி ஒருத்தர் பாதத்தை உத்துப் பார்த்துட்டு "சார் உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட், இந்த மாடல்தான் செட்டாகும்"பார். அவர் மேல தப்பில்ல, அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா அமெரிக்க விமானப்படையிலயும் மரைன் படையிலயும் பயிற்சிக்கு வந்தவங்கள்ல ஒரு பகுதிக்கு பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தாங்க, இன்னொரு பகுதிக்கு எல்லாருக்கும் ஒரே ரகம். 2010-ல வெளியான முடிவு: காயம் படறதுல சொல்லும்படியா வித்தியாசம் இல்ல. கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்துல பல வருஷம் இதையே ஆராய்ஞ்ச பென்னோ நிக் 2015-ல கூட்டாளிகளோட எழுதின கட்டுரையில, கால் தனக்கு சௌகரியமா இருக்கறதைத் தேர்ந்தெடுத்தாலே அது நல்ல வடிகட்டிதான்னு ஒரு கருத்தை முன்வச்சார். பாட்டி சொன்னா கேட்டிருக்க மாட்டோம், பேராசிரியர் சொல்லிட்டார்!

அதனால நான் கடையில பாக்கறது இவ்ளோதான்:

சாயங்காலம் போறது. நாள் பூரா நின்னு நடந்ததுல பாதம் லேசா உப்பியிருக்கும், ஓடறப்பவும் அப்படித்தான் உப்பும். ஓடறப்ப போடற சாக்ஸையே கொண்டு போறது. ரெண்டு காலுக்கும் போட்டு நின்னு பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கான்னு பாக்கறது. ரெண்டு பாதமும் ஒரே அளவா இருக்காது, பெருசுக்குத்தான் வாங்கணும்.

அகலம் இன்னும் முக்கியம். நம்மள்ல நிறைய பேரு சின்ன வயசுல வெறுங்கால்ல சுத்தினவங்க. செருப்பில்லாம நடந்தே பழகின இந்தியர்களோட பாதத்தை அளந்து 2009-ல வந்த ஒரு ஆய்வு, அவங்க பாதம் அகலமா இருக்குன்னு சொல்லுது. முன்பக்கம் ஒடுங்கின ஷூவுல அந்தப் பாதத்தைத் திணிச்சா சுண்டு விரல்தான் முதல் பலி. எனக்கு அந்த விரல் மேல தனிப் பாசம். அதனால அகல ரகம், 2இ, இருக்கான்னு கேட்டு வாங்கறேன். ஒரு நம்பர் பெருசா வாங்கி சமாளிச்சா குதிகால் வழுக்கும்.

அப்புறம் கடைக்குள்ளயே நாலு தடவை ஓடிப் பாக்கறது. எல்லாரும் பாப்பாங்க, பாக்கட்டும். "போகப் போக லூசாயிடும் சார்"னா அந்த ஜோடியை கீழ வச்சிடுங்க. முதல் நிமிஷமே சுகமா இருக்கணும்.

விலையா? கிப்சோகே 2019-ல வியன்னாவுல 42 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிஷம் 40 நொடியில ஓடினாரே, அந்த மாதிரி கார்பன் தகடு வச்ச ஷூவெல்லாம் பந்தயத்துக்கு. தினமும் விடிகாலையில பெசன்ட் நகர் பீச்சோரம் ஆறு கிலோமீட்டர் தேயற என்னை மாதிரி ஆளுக்கு எதுக்கு? போன வருஷ மாடல் தள்ளுபடியில கிடைச்சா அது போதும். ஆனா மலிவா கிடைக்குதேன்னு மூணு ஜோடி வாங்கி பரண்ல போடாதீங்க. நம்ம ஊரு ஈரப்பதத்துல பசை விட்டுடும், பாலியூரித்தேன் அடிப்பாகமா இருந்தா போடாமலே மாவா உதிரும்.

ரெண்டு ஜோடி மாத்தி மாத்திப் போடறது நல்லது. லக்சம்பர்க்ல 264 பேரை 22 வாரம் கவனிச்சதுல, ஒண்ணுக்கு மேல ஜோடி வச்சு மாத்தி ஓடினவங்களுக்கு காயம் வர்ற வாய்ப்பு 39 சதவீதம் குறைவா இருந்துச்சு. அதுக்கு ஷூ மட்டும்தான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா வேர்வையில ஊறினது காய ஒரு நாள் கிடைக்குதே. உள்ள பேப்பர் அடைச்சு நிழல்ல காய வைங்க, மொட்டை மாடி வெயில் வேணாம்.

புதுசு வந்தா பழசை உடனே ஓரங்கட்டாம நடுவுல ரெண்டு மூணு வாரம் கலந்து போடுங்க, காலுக்குப் பழகணும். அப்புறம் பழசுக்கு பதவி இறக்கம். ஓட்டத்துலேருந்து காய்கறிக் கடைக்கு. அங்கேருந்து மழைத் தண்ணிக்கு. அம்மாவுக்கும் இந்த ஏற்பாட்டுல சமாதானம், "தூக்கிப் போடல இல்ல, அது போதும்"னுட்டாங்க.

தங்கமணிக்கு கணக்கே போட்டுக் காட்டினேன். ஷூ 5,200 ரூபாய். 700 கிலோமீட்டர்னு வச்சா கிலோமீட்டருக்கு ஏழு ரூபா நாப்பது காசு சொச்சம், ஒரு நாள் ஓட்டத்துக்கு நாப்பத்தஞ்சு ரூபா. ரெண்டு நிமிஷம் யோசிச்சாங்க. "மாமாவோட புண்ணுக்கு கட்டு மாத்த ஒரு நாளைக்கு எவ்ளோ ஆச்சு, ஞாபகம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டு பில்லை மடிச்சு டப்பாவுக்குள்ள வச்சாங்க.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்ல, ஷூ கடைக்காரனும் இல்ல. வீட்டுல சர்க்கரை உள்ள பெரியவங்க இருந்தா இன்னிக்கு ராத்திரி அவங்க பாதத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அப்படியே செருப்புக்குள்ளயும் கைய விட்டுப் பாருங்க. வர்ட்டா!