வண்டிக்குச் சந்தனம் வைத்தோம், எண்ணெய் பார்த்தோமா?



வழக்கமா இந்தப் பக்கத்துல பூஜை நேரமும் அன்னதான விவரமும்தான் போடுவோம். இன்னிக்குக் கொஞ்சம் வேற விஷயம். கோயில் சம்பந்தப்பட்டதுதான், கடைசிவரை படிங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வயசானவங்களை வீட்டிலிருந்து கூட்டிக்கிட்டு வர்ற அந்த வெள்ளை ஏழு சீட்டு கார் உங்களுக்குத் தெரியும். அது நம்ம மாமாவோட வண்டி. பத்து வருஷம் முடிஞ்சு, இன்னொரு அஞ்சு வருஷத்துக்கு சிஓஇ புதுப்பிச்ச பழைய வண்டி. போன வருஷம் மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் சாவியை எங்ககிட்ட கொடுத்துட்டார். நாங்க நாலு தொண்டூழியர்கள் முறை வைச்சு ஓட்டினோம். பெட்ரோல் போட்டோம், கழுவினோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் வைச்சு, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைச்சு நசுக்கினோம். பானெட்டை மட்டும் ஒரு நாளும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். நுனியில் மட்டும் தார் மாதிரி ஒரு சொட்டு. கீழ்க்கோட்டைக்கூட தொடவில்லை. மாமா கோபப்படவில்லை. "அஞ்சு கிழவங்களை ஏத்திக்கிட்டு பிஐஇ-ல போறீங்க. நடுவழியில இஞ்சின் பிடிச்சுக்கிட்டா என்னாப்பா செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

"அடுத்த வாரம் நீங்களே மாத்துங்க. நான் நாற்காலி போட்டு உக்காந்து பார்க்கிறேன்" என்றார்.

வீவக கார்ப்பேட்டையில் இதெல்லாம் செய்யக்கூடாது. காக்கி புக்கிட்டில் மாமாவின் நண்பர் தன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இடம் கொடுத்தார். எண்ணெய் வாங்கும்போதே முதல் பாடம். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்டிருக்கும். அதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு சுலபமா ஓடும் என்பதற்கு. பின்னால் வர்ற 30, இஞ்சின் சூடானபிறகு எவ்வளவு கெட்டியா நிற்கும் என்பதற்கு. எது வேணும் என்பதை வண்டியோட கையேடுதான் சொல்லணும், கடைக்காரர் இல்லை. எங்க வண்டிக்கு வடிகட்டியோடு சேர்த்து 4.2 லிட்டர்.

இஞ்சினைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, வண்டியை மேலே தூக்கினோம். இளஞ்சூடா இருந்தால் எண்ணெய் நல்லா வடியும். கொதிக்கிற சூட்டில் கை வைக்கக்கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது என்று மாமா மூணு தடவை சொன்னார். அடியில் இருக்கும் திருகைக் கழற்றியதும் கறுப்பா ஒழுகியது. திருகுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கினோம். பழைய வடிகட்டியைக் கழற்றி, புதுசோட ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது எண்ணெய் தடவி, கையாலேயே மாட்டினோம். வண்டியை இறக்கி எண்ணெய் ஊற்றினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 'இவ்வளவுதானா!' என்று எங்களுக்குள் ஒரு பெருமை.

இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். அடியில் குபுகுபுவென்று எண்ணெய்!

"அணைங்க! அணைங்க!" மாமா நாற்காலியிலிருந்தே கத்தினார். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நாங்க பார்க்காமல் அதுமேலேயே புதுசை மாட்டிட்டோம். இரண்டு வளையம் சேர்ந்தால் பிடிப்பு நிற்காது.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்து நடக்க இருந்தது. எங்களில் ஒருத்தர் தரையைக் கழுவத் தண்ணீர்க் குழாயை எடுத்துட்டார். ஊன்றுகோலை ஊன்றிக்கிட்டு மாமா எழுந்தே வந்துட்டார். "சாக்கடைக்குத் தள்ளாதே! அந்தத் தண்ணியை யாருப்பா குடிக்கிறது?"

உண்மைதான். நம்ம தேக்கா பக்கம் ஓடுகிற ரோச்சோர் கால்வாய் மெரினா நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேருது. 2008-ல் திறந்த மெரினா அணையால், தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைத்தண்ணீர் அங்கேதான் சேர்ந்து நம்ம வீட்டுக் குழாய்க்கு வருது. ஒரே ஒரு எண்ணெய் மாற்றத்தில் வர்ற பழைய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு. கும்பாபிஷேகத்துக்குக் குடம் குடமா தீர்த்தம் சுமக்கிறோம், தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிடுறோம். அதே கையால் எண்ணெயைச் சாக்கடையில் விட்டால் அது என்ன பக்தி?

மரத்தூள் கொட்டி, எண்ணெய் ஊறியதும் அள்ளிப் பையில் கட்டினோம். வடித்த எண்ணெய் ஒர்க்‌ஷாப்பின் பீப்பாய்க்குப் போனது. அதை உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க. பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்து, வடிகட்டியை மறுபடி மாட்டி, குறைந்த எண்ணெயை ஊற்றி, ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. அணைத்துச் சில நிமிஷம் கழித்துக் கம்பியை உருவினோம். இரண்டு கோட்டுக்கும் நடுவில், தேன் நிறத்தில் எண்ணெய்.

மாமா அந்தக் கம்பியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இனி என்னைக் கூப்பிட வேணாம்" என்றார். அவர் குரலில் சந்தோஷமா வருத்தமா, எங்களுக்குத் தெரியவில்லை. ஆனா, அடுத்த தடவையும் நாங்க கூப்பிடுவோம். நாற்காலியும் காப்பியும் தயாரா இருக்கும்.

உங்க எல்லாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களே எண்ணெய் மாத்தணும் என்று அவசியமில்லை. தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க, தப்பில்லை. ஆனா மாசம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து அந்தக் கம்பியை உருவிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. அகல் விளக்கில் எண்ணெய் குறைந்தால் சொல்லாமலேயே ஊற்றுகிறோம் இல்லையா? நம்ம வீட்டுப் பெரியவங்களைச் சுமக்கிற வண்டிக்கும் அதே கவனம் வேணும்.

இந்த வெள்ளிக்கிழமையும் வண்டி வழக்கம்போல் வரும். யாருக்காவது பெரியவங்களை அழைச்சுக்கிட்டு வரணும்னா, கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிடுங்க.

எல்லாரும் பத்திரமா போய்ட்டு வாங்க. அம்மன் துணை. 🙏