முருகைக்கல்

அணைக்கட்டு என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூரில் சிலர் நம்மை நீச்சல் தெரிந்தவனாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் பெயரில்தான். பக்கத்துப் பாலாறு பெரும்பாலும் மணல். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதையை நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு நிரந்தர ஸ்தானம் உண்டு: வாதியின் ஸ்தானம். புறாத்தீவுக்குப் போய்வந்த பிறகு அதில் சௌகரியமாக உட்கார முடியவில்லை.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் தீவு. பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள்; மனிதர் குடியிருப்பு இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் அது துப்பாக்கிச் சுடுபயிற்சிக்கான இடம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. குறிபார்க்கப்பட்ட இடம் காக்கப்படும் இடமானதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாகப் படகில் போகும்போது நினைத்துக்கொண்டேன். அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாடகைக்கு. படகுக்காரர் ஒன்றுதான் சொன்னார்: "ஐயா, கீழ காலை ஊண்டாதேங்கோ. முருகைக்கல் உடைஞ்சிடும். மிதந்தபடியே பாருங்கோ."

முகத்தை நீரில் கவிழ்த்ததும் வெளிச்சத்தம் அறுந்துபோயிற்று. மிஞ்சியது குழலில் போய்வரும் என் மூச்சு. கீழே மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள், கிளைகளுக்கிடையே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். சிறிய சுறா ஒன்று, முதுகுத்துடுப்பின் நுனியில் மை தொட்டாற்போல் கறுப்பு, என்னைப் பொருட்படுத்தாமல் கடந்து போயிற்று. யாராலும் பொருட்படுத்தப்படாமல் இருப்பது இத்தனை பெரிய ஓய்வா என்று வியந்தேன்.

அப்போது ஓர் அலை. குழலுக்குள் உப்புநீர் இறங்கியது. யோசிக்கவில்லை, காலை ஊன்றினேன். முருங்கைக் கிளை ஒடிவது போல ஒரு சத்தம். எழுந்து நின்றால் தண்ணீர் மார்பளவுதான். இருமித் துப்பியிருந்தால் போதும். கீழே ஒரு சாண் கிளை முறிந்து கிடந்தது. கிளைப்பவளம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும்.

கரைக்கு வந்து உட்கார்ந்தேன். தூரத்திலிருந்து வெள்ளை மணலாகத் தெரிந்ததில் பெரும்பகுதி உடைந்த பவளத் துண்டுகள். மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளே மூழ்கிப்போயின. சுண்ணாம்பு என்றதும் எனக்கு நினைவு வருவது தோல் ஆலையின் சுண்ணாம்புத் தொட்டி. தோலிலிருந்து மயிரைக் கழற்றுவது அதுதான். பவளம் வெட்டியவனுக்கும் தொட்டியில் இறங்கியவனுக்கும் வயிறு என்ற காரணம் இருந்தது. எனக்கு இருந்தது ஓய்வு.

மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்ற தத்துவத்தை உச்ச நீதிமன்றம் 1996இல் எங்கள் வேலூர் வழக்கில்தான் நாட்டின் சட்டத்தில் ஓர் அங்கமென்று சொன்னது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அந்தத் தொகையை மேடையில் எத்தனை முறை ஏளனம் செய்திருக்கிறேன்! என் விஷயத்தில் அபராதம்கூட இல்லை. சீட்டுப் பணத்தை முன்னதாகவே கட்டியிருந்தேன். பணம் கட்டிவிட்டவனுக்கு ஏற்படும் நிம்மதியும் அன்று காலை எனக்கு இருந்தது. ஆலை முதலாளிகளின் முகத்தில் நான் பார்த்து எரிச்சலடைந்தது இந்த நிம்மதியைத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பும்போது படகுக்காரர் கேட்டார்: "எப்படி ஐயா இருந்தது?"

"நன்றாக இருந்தது" என்றேன். காலை ஊன்றியதைச் சொல்லவில்லை.

உள்ளங்காலில் பவளம் கிழித்த கீறல் ஊருக்கு வந்து பத்து நாளில் ஆறிவிட்டது.